விருப்பப் பாடத்தின் வரலாறு

ஜூன் மாதம் வந்துவிட்டால் எங்கள் கல்லூரியில் என்னைச் சேர்க்கைக் குழுவில் உட்கார்த்திவைத்துவிடுவார்கள். வரலாற்றுத் துறைக்காரனுக்கு வேறென்ன வேலை இருக்கப்போகிறது என்று ஒரு நினைப்பு. அரசு கலைக் கல்லூரி. வருகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் அப்பாவுடன் வந்தாள். நல்ல மதிப்பெண். விண்ணப்பத்தில் விருப்பப் பாடம் என்ற கட்டத்தில் வேதியியல் என்று எழுதியிருந்தாள். அப்பா என்னிடம் கேட்டார்: "சார், கெமிஸ்ட்ரின்னா லேப் இருக்கும்ல? முடிஞ்சு வர அஞ்சாயிடும். எங்க ஊருக்கு நாலு மணி பஸ்ஸ விட்டா ஏழரைக்குத்தான்." அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. காலை வேளையோடு முடிகிற தமிழ் இலக்கியத்துக்கு மாற்றி எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அவரைக் கொடுமைக்கார அப்பா என்று எழுதிவிட்டால் கட்டுரை சுலபமாகிவிடும். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அன்றைய வருமானத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். மகள் படிக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. முடிவை எடுத்தது ஒரு பேருந்தின் கால அட்டவணையும், இருட்டிய பிறகு சாலையில் நிற்கும் வயசுப் பெண்ணைப் பற்றி ஊர் வைத்திருக்கும் அபிப்பிராயமும். ஆனால் ஆவணத்தில் அது அவளுடைய விருப்பம் என்று பதிவாகியிருக்கிறது. நாளைக்கு யாராவது ஆய்வாளர் வந்து, கலைப் பாடங்களைப் பெண்களே அதிகம் விரும்புகிறார்கள் என்று அட்டவணை போட்டால் நான் மறுக்க முடியாது. சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

பியர் பூர்தியுவும் பஸ்ஸரோனும் 1964இல் எழுதிய 'வாரிசுகள்' நூல் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தைப் பற்றியது. வீட்டிலிருந்து கொண்டுவரும் பேச்சு, ரசனை, தைரியம் ஆகியவற்றைக் கல்விக்கூடம் மாணவரின் சொந்தத் திறமையாக மாற்றிக் கணக்கெழுதுகிறது என்பது அவர்கள் வாதம். பெண்கள் இலக்கியத் துறைகளின் பக்கம் ஒதுங்குவதையும் அவர்கள் கவனித்திருந்தார்கள். இதையெல்லாம் படித்த புதிதில் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறேன். கலாச்சார மூலதனம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்னைத் தவிர எல்லோரையும் விமர்சித்தேன். சாதியையும் கல்யாணத்தையும் சேர்க்காமல் அந்தச் சொல் நம் ஊரில் பாதி வேலைதான் செய்யும் என்பது பின்னால்தான் உறைத்தது.

நம்முடைய பெண்கல்வி பற்றிய கதையாடல் 'முதல் பெண்'களின் பட்டியலாக எழுதப்பட்டுவருகிறது. முதலில் படித்தவர், முதலில் பட்டம் வாங்கியவர், முதலில் பொறியாளர் ஆனவர். அந்தப் பட்டியலை இன்னொரு விதமாக வாசித்துப் பார்க்கலாம். இவர்களுக்குப் பணம் கட்டியது யார்? கல்யாணச் சந்தையில் இவர்கள் நின்ற இடம் எது?

முத்துலட்சுமி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர் அங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் முத்துலட்சுமி இடம் கேட்டபோது, பெண் என்பதோடு பிறப்பையும் சுட்டி எதிர்ப்பு வந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடமும் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம். அப்பாவின் சாதியில் அவரைக் கட்டிக்கொடுக்க முடியாது; அம்மாவின் வழியில் காத்திருந்த வாழ்க்கையோ வேறு. இரண்டுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில்தான் மருத்துவப் படிப்பு வந்து நின்றது என்பது என் வாசிப்பு. கல்யாணம் 1914இல், மருத்துவரான பிறகு, அவர் விதித்த நிபந்தனையோடு நடந்தது.

அதே 1886இல் பிறந்தவர் சகோதரி சுப்பலட்சுமி. பதினோரு வயதில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே விதவை. 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு சென்னையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பால்ய விதவைகளுக்கான விடுதியை நடத்தினார். அங்கிருந்த பிராமண விதவைச் சிறுமிகள் படித்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் வேண்டும் என்ற அரசாங்கத்தின் தேவையும், வீட்டு மூலையில் உட்காரவைக்கப்பட்ட பெண்களின் கதியும் இந்த இடத்தில் சந்தித்துக்கொண்டன. டீச்சர் வேலை பெண்ணுக்கேற்ற வேலை என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தச் சொல்லாடலின் வேர்களில் ஒன்று மொட்டையடிக்கப்பட்ட தலைகளுக்கு நடுவே இருக்கிறது. இதை நாம் அடிக்கடி மறந்துபோகிறோம்.

கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1940இல் மின்பொறியியல் படிக்க வந்த லலிதா, தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் கைக்குழந்தையோடு விதவை. அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். ஆக, இடத்துக்கான கதவு வீட்டுக்குள்ளேயே இருந்தது. முத்துலட்சுமிக்கு ஒரு கல்லூரி முதல்வர், லலிதாவுக்கு ஒரு பேராசிரியர். இந்த அப்பாக்களை நீக்கிவிட்டால் கதையில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியவில்லை.

எல்லோரும் இந்தச் சட்டகத்துக்குள் அடங்கிவிடுவதில்லை. லலிதாவைத் தொடர்ந்து கிண்டியில் சிவில் படித்த திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் விதவைகள் அல்ல. கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கொச்சி சமஸ்தானத்தில் புலையர் சாதியில் பிறந்த தாட்சாயணி வேலாயுதனின் கதை முற்றிலும் வேறு. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்து 1935இல் பட்டம் பெற்றார். உயர்சாதி ஆசிரியர் பக்கத்தில் வைத்துச் சோதனைகளைச் செய்துகாட்ட மறுத்ததால் தூரத்தில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். பிறகு சென்னையில் ஆசிரியப் பயிற்சி, பள்ளி ஆசிரியை வேலை. 1946இல் அரசியல் நிர்ணய சபை. வேதியியல் பட்டதாரிக்குக் கிடைத்ததும் கடைசியில் பள்ளிக்கூடம்தான். அரசியல் இல்லாதிருந்தால் அங்கேயே ஓய்வுபெற்றிருப்பார். எங்கள் கல்லூரி லேப்பைக் கடக்கும்போதெல்லாம் இவருடைய நினைவு வருகிறது. அவருக்குத் தடை லேப்புக்குள்ளே இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு லேப் முடிந்த பிறகு இருந்தது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சரியாகவே பெயர் சூட்டி எதிர்த்தோம். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பனின் தொழில். அடுத்த வருடம் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அந்தப் போராட்டத்தின் வாரிசு நான். அது தோற்றிருந்தால் எங்கள் வீட்டில் யாரும் கல்லூரியைப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் மகனுக்கு அப்பன் தொழில் என்றால் மகளுக்கு என்ன? வீட்டுவேலை. பையன்களுக்கு வாபஸ் ஆன அந்தப் பாதி நாள் பெண்பிள்ளைகளுக்கு வாபஸ் ஆகவே இல்லை. அரசாணை போட்டிருந்தால்தானே ரத்து செய்ய முடியும்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் ஒன்பதாயிரம் ரூபாய் என்று எம்.ஜி.ஆர். அரசு 1979இல் வரம்பு வைத்ததும், தேர்தலில் அடிவாங்கிய பின் 1980இல் அதை விலக்கி ஒதுக்கீட்டை 31இலிருந்து 50 சதவீதமாக்கியதும் தெரிந்த கதை. சாதி இழிவை வருமானத்தால் அளக்க முடியாது என்று அன்று சொன்னோம். இன்றும் அதுவே என் நிலை. நான் சொல்ல வருவது, 'குடும்ப வருமானம்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் குடும்பத்தைப் பற்றி. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அதை ஒற்றைப் பணப்பையாகவே பாவித்தோம். அந்தப் பைக்குள் யார் கை முதலில் போகும் என்ற கேள்வி எந்தத் தரப்பிலும் எழவில்லை.

1989ஐ இந்த வரலாற்றில் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம்தான் தமிழ்நாட்டில் இந்துப் பெண்களுக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் திருத்தப்பட்டது. அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீதமும் அப்போது வந்ததே. இந்த இரண்டோடு அதே வருடம், குறிப்பிட்ட வகுப்புவரை படித்த ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு உதவித்தொகை தரும் திட்டம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கியது. தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர் அம்மையார், முத்துலட்சுமியின் சமகாலத்தவர். அவர் பெயரிலேயே படிப்பும் தாலியும் முடிச்சுப் போடப்பட்டன. அந்தத் திட்டம் பல பெண்களைப் பத்தாம் வகுப்புவரை பள்ளியில் பிடித்துவைத்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், குறைசொல்லமாட்டேன். 2011இல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பத்தாம் வகுப்பு படித்திருந்தால் 25,000 ரூபாய், பட்டமோ பட்டயமோ இருந்தால் 50,000. பட்டத்துக்கு என்ன விலை என்று ஊர் ரகசியமாகப் போட்டுவந்த கணக்கை அரசு வெளிப்படையாக விண்ணப்பப் படிவத்தில் அச்சிட்டது. 2022இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக, புதுமைப் பெண்ணாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அவளுடைய வங்கிக் கணக்கிலேயே. தாலியிலிருந்து கல்லூரிக்கு வர 33 வருடம் பிடித்திருக்கிறது. 2021இலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. பஸ் ஃப்ரீதான், ஐந்து மணிக்கு அந்த ஊருக்குப் பஸ் கிடையாது, அவ்வளவுதான்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது இதைத்தான்.

அக்கா 1988இல் பிளஸ் டூ முடித்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், என்னைவிட மிக அதிக மதிப்பெண். பி.எஸ்ஸி. இயற்பியல் கேட்டாள். ஹாஸ்டலில் விட வேண்டியிருக்கும். "ரெண்டு வருஷத்துல டீச்சர் ட்ரெய்னிங் முடிஞ்சுடும், எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சு வெச்சா போதும், டீச்சர்னா மாப்ள வீட்ல நகையும் கொறச்சுக் கேப்பாங்க" என்றார் அப்பா. படிப்பு, வேலை, கல்யாணம் மூன்றும் ஒரே வாக்கியத்தில். அவள் பயிற்சிக்குப் போனாள். 1990இல் நான் பட்டணத்துக் கல்லூரியில் வரலாறு படிக்க ஹாஸ்டலில் சேர்ந்தேன். வரலாறு படித்து என்ன செய்வாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பையன் எதையாவது படித்துப் பிழைத்துக்கொள்வான் என்ற அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்கு அப்போது தெரியாது. அக்கா வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். கல்யாணமாகி, இரண்டு குழந்தைகள் பிறந்து, நர்சரிப் பள்ளியில் அற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்து, 2004இல் தொகுப்பூதியத்தில் அரசு வேலை கிடைத்தது. காலமுறை ஊதியம் 2006இல்தான். இந்தப் பதினாலு வருடத்தில் நான் எம்.ஏ., எம்.ஃபில்., நிரந்தர வேலை, சிறுபத்திரிகை, இலக்கிய நண்பர்கள் என்று ஒரு முழு வாழ்க்கையைச் சேர்த்துவிட்டேன். அதைச் சொந்தச் சம்பாத்தியம் என்றே நினைத்திருந்தேன்.

அம்மா போன பிறகு டிரங்குப் பெட்டியைக் காலிசெய்தபோது, ரேஷன் கார்டுகளுக்கும் தடுப்பூசி அட்டைகளுக்கும் நடுவே ஒரு அடகுச் சீட்டு கிடைத்தது. 1990 ஜூலை. பொருள்: கம்மல் ஜிமிக்கி ஒரு ஜோடி. என் ஹாஸ்டல் கட்டணம் கட்டிய மாதம். அந்த ஜிமிக்கி யாருடையது என்று எனக்குத் தெரியும். ஊர்த் திருவிழாவில் எடுத்த ஃபோட்டோவில் அக்கா அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

இதை எழுதப்போகிறேன் என்று போன மாதம் ஃபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எழுதிக்கோ. ஆனா நான் ஒனக்காக விட்டுக்குடுத்தேன்னு மட்டும் எழுதாத தம்பி. விட்டுக்குடுக்கறதுன்னா மொதல்ல யாராவது கேக்கணும்ல" என்றாள். பிறகு மகளுக்கு எம்.எஸ்ஸி. இயற்பியலில் இடம் கிடைத்திருப்பதையும், மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கட்டும் என்று சொல்வதையும், தான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள்.

ஜிமிக்கி என்ன ஆயிற்று என்று கடைசியாகக் கேட்டேன்.

"அது அப்பவே மூழ்கிப்போச்சேடா. ஒனக்குத் தெரியாதா?"