ஃபியூவல் கேஜ் சில்லு: பிழையான அளவீடும் சீராக்கமும்

ஃபியூவல் கேஜ் சில்லு என்பது பேட்டரியில் எஞ்சியுள்ள சார்ஜைச் சதவீதமாகத் தரும் ஒருங்கிணைந்த சுற்று. கைப்பேசி, மடிக்கணினி, பேட்டரியில் இயங்கும் உணரிக் கருவிகள் போன்றவற்றில் இது இடம்பெறுகிறது. எஞ்சிய சார்ஜை நேரடியாக அளக்க வழியில்லை. மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகியவற்றை அளந்து, மின்கலத்தைப் பற்றித் தன்னிடம் பதிந்துள்ள விவரங்களைக் கொண்டு சில்லு அதை மதிப்பிடுகிறது. அதனால் சதவீதம் பிசகும்போது சில்லு பழுது என்று முடிவுகட்டுவது அவசரம். பெரும்பாலும் தவறு அந்த விவரங்களிலோ இணைப்பிலோதான் இருக்கும்.

சோதனையை மல்டிமீட்டரில் தொடங்க வேண்டும். மின்கல முனைகளில் அளந்த மின்னழுத்தமும் சில்லு தரும் மின்னழுத்தமும் ஒத்துப்போகாவிட்டால், சதவீதத்தை ஆராய்ந்து பயனில்லை. அடுத்து, எண்ணை வாசிக்கும் முறையைப் பார்க்க வேண்டும். மேக்ஸ்17043 என்ற ஃபியூவல் கேஜ் சில்லு உயர் பைட்டை முதலில் அனுப்புகிறது. லினக்ஸின் எஸ்எம்பஸ் சொல்-வாசிப்பு முறை தாழ் பைட்டை முதலில் எதிர்பார்க்கிறது. பைட்டுகளை இடம்மாற்றாமல் விட்டால் 50.5% சார்ஜ் 128.2% என்று தெரியும். நூற்றைத் தாண்டிய விசித்திர எண்களைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மேக்ஸ்17043 மின்னோட்டத்தை அளப்பதில்லை. மின்னழுத்தத்தையும் மின்கல மாதிரியையும் மட்டுமே நம்புகிறது. மின்சாரம் கிடைத்தவுடன் எடுக்கும் முதல் அளவை, பளு இல்லாத ஓய்வுநிலை மின்னழுத்தமாகக் கொள்கிறது. அந்நேரம் கருவி மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தால் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும். சதவீதமும் குறைவாகவே தொடங்கும். 'குவிக் ஸ்டார்ட்' கட்டளை கணக்கை மறுபடி தொடங்கவைக்கும். பளு இருக்கும்போதே அதைக் கொடுத்தால் அதே பிழைதான் திரும்பும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தின் மின்னழுத்தம் பெரும்பகுதி நேரம் 3.2 முதல் 3.3 வோல்ட்டுக்குள் அசையாமல் நிற்பதால், மின்னழுத்தத்தை மட்டும் பார்த்து அதன் இருப்பைச் சொல்வது கடினம்.

பிக்யூ27441 போன்ற சில்லுகள் 10 மில்லி ஓம் அளவிலான மின்தடையின் வழியே செல்லும் மின்னோட்டத்தை அளந்து, உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் கூட்டிக் கழிக்கின்றன. அளவிடும் பாதைக்குள் 1 மில்லி ஓம் ஈயப்பற்று சேர்ந்தாலே 10% பிழை வரும். அளவிடும் கம்பிகளை மின்தடையின் முனைகளிலிருந்தே தனியாக எடுப்பது அதனால்தான். மின்தடையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போகும் மின்னோட்டம் கணக்கிலேயே வராது. சிறு பிழையும் நாள்பட்டால் பெருகும்: 1 மில்லி ஆம்பியர் நிலையான பிழை, ஒரு நாளில் 24 மில்லி ஆம்பியர்-மணி. 1000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் திருத்தமின்றிப் பத்து நாள் போனால் 24% பிசகு.

இத்திரிபைச் சில்லு ஓய்வுநேர மின்னழுத்தத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. முழுதாக ஏற்றி, சில மணிநேரம் ஓய்வளித்து, முழுதாக இறக்கி, மறுபடி ஓய்வளிக்கும் கற்றல் சுழற்சி இதற்குத் தீர்வு. ஓய்வைச் சுருக்கினால் சுழற்சி பலிக்காது.

பிக்யூ27441 தொழிற்சாலையிலிருந்து 1340 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவை இயல்பு மதிப்பாகக் கொண்டு வருகிறது. 2000 கொள்ளளவுள்ள மின்கலத்தைப் பொருத்துபவர் அதை மாற்றி எழுத வேண்டும். எழுதியது தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். பேட்டரியைக் கழற்றினால் அழிந்துவிடும். ஒவ்வொரு தொடக்கத்திலும் மீட்டமைவுக் கொடியைப் பார்த்து, தேவையானால் மென்பொருள் மறுபடி எழுத வேண்டும். ஆய்வுமேசையில் சரியாக இருந்த சதவீதம் பேட்டரி மாற்றியபின் தடுமாறினால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.