தூக்கணாங்குருவியும் நான் கேட்காத கேள்வியும்



நேற்றுப் பெய்த மழையில் பழைய வகுப்பறை ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "தூக்கணாங்குருவி கூட்டை உசரக் கட்டுனா அந்த வருசம் கிணறு நிரம்பும்னு எங்க அப்பத்தா சொல்லும் சார்" என்றான். "மூடநம்பிக்கை, உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் அவன் என் வகுப்பில் வாய் திறந்ததாக நினைவில்லை.

பறவையை வைத்து மழை பார்ப்பது மிகப் பழைய பழக்கம். பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே, மழைத்துளியை உண்டு வாழும் பறவை மழையின்றி வாடுகிறது. உரைகாரர்கள் அதை வானம்பாடி என்றார்கள். காளிதாசனின் மேகதூதத்தில் சாதகப் பறவை வருகிறது. அது நம் சுடலைக்குயில்தான் என்பார்கள். மழைத்துளி மட்டும் குடிக்கும் என்பது கதை. கம்பளிப்புழுதான் அதற்கு விருந்து! ஆனால் வரவு பொய்யில்லை. தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வட இந்தியாவுக்கு வந்துசேரும். அதைக் கண்டதும் அங்குள்ள உழவர் ஏரைத் தேடியதில் தப்பே இல்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வசிப்பதோ ஊரைவிட்டுப் போகாத வகை. எப்போதும் இருக்கிற பறவை எந்த வரவைச் சொல்லும்?

எங்கள் பக்கம் பேச்செல்லாம் தூக்கணாங்குருவிதான். பச்சைப் புல்லையும் நெல் இலையையும் நீளநீளமாகக் கிழித்து அது கூடு பின்னும். புல் பச்சை பிடிக்க மழை விழுந்திருக்க வேண்டும். ஆக, குருவி வரப்போகும் மழையைச் சொல்வதைவிட, வந்த மழைக்குப் பதில் சொல்கிறது என்பதே பொருந்தும். கூடுகள் மரத்தின் கிழக்குப் பக்கமே அதிகம் தொங்கும். தென்மேற்குக் காற்றுக்கு மரமே மறைப்பு. 1930-இல் சாலிம் அலி பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் கிராமத்தில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்துத்தான், ஆண் கூடு கட்டும், பெண் பார்த்துப் பிடித்தால் குடியேறும் என்பதை விளக்கி எழுதினார். அப்பத்தாவும் கிணற்றடியில் நின்று பார்த்தவர்தான். எழுதி வைக்கவில்லை.

உயரக் கணக்கு சரி என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் எந்த மரம், எந்தப் பக்கம், எத்தனை வருஷமாகப் பார்க்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான், கேட்கவில்லை.

தம்பி, இது உன் கண்ணில் பட்டால் சாரை மன்னித்துக்கொள். அப்பத்தா வேறென்னவெல்லாம் சொன்னார் என்று கீழே எழுது.