ஆவடி மாநாடும் விடுதலையின் கடமையும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இரயிற்பாதையில், அம்பத்தூருக்குச் சிறிது தொலைவில் உள்ளது ஆவடி. இன்று போர் டாங்கிகள் செய்யும் தொழிற்சாலையால் அறியப்படும் அவ்வூர், 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிய ஒரு பெரிய முடிவுக்கு இடமாயிற்று. மாணவ நண்பர்கள் அதன் பின்னணியை அறிதல் நலம்.

1947-இல் விடுதலையும் பிரிவினையும் ஒருங்கே வந்தன. உள்நாட்டுப் போரை ஒத்த கலவரங்களில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்து எல்லை கடந்தனர். அகதிகளுக்கு உறைவிடம் தர வேண்டியிருந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட சமஸ்தானங்களை இணைக்க வேண்டியிருந்தது. உணவுப் பற்றாக்குறையோ கடுமையாக இருந்தது. 1950-இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1951–52-இல் முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. வாக்குரிமை கிடைத்தது, ஆயினும் வறுமை அகலவில்லை.

இந்நிலையில், தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் எனத் தீர்மானித்தது. பிரதமர் நேருவும், சென்னை மாநில முதலமைச்சர் காமராசரும் அதில் பங்கு கொண்டனர். முக்கிய உற்பத்திச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருத்தல் வேண்டும், உற்பத்தி பெருகுதல் வேண்டும், செல்வம் நேர்மையாகப் பங்கிடப்படல் வேண்டும் என்பதே அதன் சாரம். 1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அக்குறிக்கோளை மேற்கொண்டது.

பின்னாளில் உரிம முறையின் கெடுபிடிகள் தொழில் வளர்ச்சிக்குத் தடையாயின. 1991-இல் நாடு வேறு வழியை நாடியது. வழி எதுவாயினும், ஆவடியில் உணரப்பட்ட கடமை இன்றும் நம்முன் உள்ளது. குருதி சிந்திப் பிரிந்த நாட்டை எல்லைக் காவல் மட்டும் ஒன்றுபடுத்திவிடாது. ஏழைக்கும் நாட்டின் செல்வத்தில் உரிய பங்கு கிடைத்தாலன்றி விடுதலை முழுமை பெறாது.