புள்ளிகளும் புலமைப்பரிசில்களும்: அமெரிக்க உளச்சார்புப் பரீட்சையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பரீட்சை ஒன்று தொடக்கத்தில் எதனை அளவிடுவதாகக் கூறப்படுகிறதோ, அதனையே இறுதிவரை அளவிட்டுவரும் எனக் கொள்வதற்கில்லை. பெறுபேற்றோடு பணமும் எதிர்காலமும் இணைக்கப்பட்டதும் மாணவர் அதற்கெனத் தம்மை ஆயத்தஞ் செய்யத் தொடங்குவர். அவ்வாயத்தமே நாளடைவில் பரீட்சையின் இயல்பை மாற்றிவிடும். ஐக்கிய அமெரிக்காவின் உயர்பாடசாலை மாணவர் எழுதும் புலமை உளச்சார்புப் பரீட்சையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். எஸ்.ஏ.ரி. எனச் சுருக்கமாக வழங்கும் இப்பரீட்சை, பயிற்சியால் மாற்றவியலாத திறனைக் காட்டுவது என்ற நம்பிக்கையிற் பிறந்தது. இன்று அதனை நடத்தும் சபையே மாணவருக்குப் பயிற்சிக்கான வழிகளை ஏற்படுத்திக் கொடுக்கிறது. இம்மாற்றம் நிகழ்ந்த விதமே ஈண்டு ஆராயப்படுகிறது.

முதலில் சொல் பற்றிய ஒரு தெளிவு வேண்டும். இலங்கையில் 1970களில் ‘தரப்படுத்தல்’ என வழங்கியது, மொழிமூலத்தையும் பின்னர் மாவட்டத்தையும் கருத்திற்கொண்டு பல்கலைக்கழக அனுமதியை ஒழுங்குபடுத்திய முறையாகும். அமெரிக்காவில் நியமப்படுத்திய பரீட்சை எனப்படுவது அதனின்றும் வேறானது. எல்லாப் பரீட்சார்த்திகளுக்கும் ஒரே வகை வினாக்களையும் ஒரே நேர அளவையும் வழங்கி, விடைகளை ஒரே அளவுகோலில் வைத்து மதிப்பிடுவதே அதன் பொருள்.

1900ஆம் ஆண்டில் அங்கு கல்லூரி நுழைவுப் பரீட்சைச் சபை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் அது நடத்திய முதற் பரீட்சைக்கு 973 பேர் தோற்றினர். இலத்தீன், கிரேக்கம், கணிதம், வரலாறு முதலிய பாடங்களில் மாணவர் விரிவாக விடையெழுத வேண்டியிருந்தது. அப்பாடங்களை அப்பரீட்சைக்கேற்பக் கற்பித்தவை பெரும்பாலும் கிழக்குக் கரையோரத்துச் செல்வர்களின் தனியார் பாடசாலைகளே. மத்திய மேற்கு மாநிலமொன்றின் சிற்றூர்ப் பாடசாலையிற் பயின்ற மாணவன் எத்துணை ஆற்றலுடையவனாயினும், கற்பிக்கப்படாத பாடத்தில் அவனால் விடையளிக்க இயலவில்லை.

இக்குறையைப் போக்கும் கருவியாகப் பின்னர் கருதப்பட்டது உண்மையிற் போர்க்களத்தின் தேவையால் உருவாகியது. முதலாம் உலகப் போரின்போது உளவியலாளர் றொபேட் யேர்க்ஸின் தலைமையில் ஏறத்தாழ 17 இலட்சம் அமெரிக்கப் படைவீரர்களின் நுண்மதி அளவிடப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட கார்ல் பிறிகாம், பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தவர். படைவீரர் பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டு இனங்களிடையே உயர்வு தாழ்வு கற்பிக்கும் நூலொன்றினை அவர் 1923இல் வெளியிட்டார். அவரது தலைமையில் ஆக்கப்பட்ட எஸ்.ஏ.ரி. பரீட்சை 1926 யூன் 23ஆம் திகதி முதன்முதலாக நடைபெற்றது. 8,040 பேர் தோற்றிய அப்பரீட்சையில் 97 நிமிடங்களில் 315 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1930இல், இனங்கள் பற்றித் தாம் முன்னர் எழுதிய முடிவுகள் ஆதாரமற்றவை எனப் பிறிகாம் வெளிப்படையாகவே மறுத்தெழுதினார். ஆக்கியோன் ஐயுறத் தொடங்கிய காலத்திலேயே பரீட்சையின் செல்வாக்கு வளரத் தொடங்கியமை கவனித்தற்குரியது.

அச்செல்வாக்கிற்கு வழிகோலியது புலமைப்பரிசிலாகும். 1933இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராகிய ஜேம்ஸ் கொனன்ற், செல்வர் வீட்டுப் பிள்ளைகளே நிறைந்திருந்த அந்நிறுவனத்திற்கு நாட்டின் பிற பகுதிகளிலுள்ள திறமைசாலிகளையும் கொணர விரும்பினார். அவர்களைத் தெரிவுசெய்யும் வழியைக் காணும் பொறுப்பு ஹென்றி சோன்சி, வில்பர் பென்டர் ஆகிய இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் தேர்ந்துகொண்ட கருவி பிறிகாமின் பரீட்சையே. 1934இல் ஹாவார்ட் தேசியப் புலமைப்பரிசில்கள் தொடங்கின. இலினோய் மாநிலத்துப் பொதுப் பாடசாலை மாணவராயிருந்து 1935இல் அப்புலமைப்பரிசிலைப் பெற்ற ஜேம்ஸ் ரோபின், 1981இல் பொருளியலுக்கான நோபல் பரிசினை வென்றார். கொனன்ற்றின் எண்ணம் வீண்போகவில்லை என்பதற்கு இவ்வொரு சான்றே போதும்.

இவ்வெற்றியின் விளைவாகப் பரீட்சையின் எல்லை விரிந்தது. 1942இல் பழைய கட்டுரைப் பரீட்சைகள் கைவிடப்பட்டன. 1947இன் இறுதியில் கல்விப் பரீட்சைச் சேவை எனும் நிறுவனம் தோன்ற, சோன்சி அதன் முதல் தலைவரானார். இதற்கிடையில், 1941இல் தோற்றியோரின் சராசரியை 500 எனக் கொண்டு 200 முதல் 800 வரையான அளவுகோல் நிலைநிறுத்தப்பட்டது. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஊர்களில் எழுதியோரை ஓரெண்ணால் ஒப்பிட இதனால் இயன்றது. எனினும் அவ்வெண் நெடுங்காலம் கல்லூரிகளுக்கும் பாடசாலைகளுக்கும் மட்டுமே அறிவிக்கப்பட்டது. 1958 அளவிலேயே மாணவர் தம் புள்ளியைத் தாமே பெறலாயினர். அதன் பின்னர் தன் புள்ளியை அயலானின் புள்ளியோடு ஒப்பிடுவதும், குறைந்தவிடத்து மீண்டும் எழுதி உயர்த்த முயல்வதும் உயர்பாடசாலை வாழ்வின் பகுதியாகிவிட்டன.

அம்முயற்சிக்கு வழிகாட்டியவருள் முதன்மையானவர் ஸ்ரான்லி கப்லன். நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியிற் குடியேறியோர் குடும்பத்தில் 1919இற் பிறந்த இவர், பெற்றோரின் வீட்டு நிலவறையில் பிரத்தியேக வகுப்புகளை நடத்தினார். 1946 அளவில் எஸ்.ஏ.ரி. பரீட்சைக்கும் கற்பிக்கலானார். பரீட்சை முடிந்ததும் மாணவரை விருந்துக்கு அழைத்து, அவர்தம் நினைவில் எஞ்சிய வினாக்களைக் கேட்டறிந்து, அடுத்த அணியினரை அதற்கேற்பப் பயிற்றுவது அவர் வழக்கம். பயிற்சியாற் பெரும்பயன் விளையாது என்றே பரீட்சைச் சபை பல்லாண்டுகள் கூறிவந்தது. ஆயினும் வகுப்புகளில் மாணவர் தொகை பெருகியதேயன்றிக் குறையவில்லை.

போட்டியை மேலும் கூர்மையாக்கியது 1955இல் நிறுவப்பட்ட தேசியத் திறமைப் புலமைப்பரிசிற் கூட்டுத்தாபனம். போட் மன்றம் அளித்த 2 கோடி டொலர் நிதியுடன் தொடங்கிய இத்திட்டத்தில், 1956இல் 555 பேர் முதன்முதலாகப் பரிசில் பெற்றனர். 1971 தொடக்கம் எஸ்.ஏ.ரி.க்கு முன்னோடியான பி.எஸ்.ஏ.ரி. பரீட்சையே இதன் தகுதிகாண் பரீட்சையாயிற்று. அரையிறுதிக்குரியோர் தொகை மாநிலங்களுக்கிடையே மாணவர் தொகைக்கேற்பப் பங்கிடப்படுவதால், தகுதிப்புள்ளி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. ஒரே புள்ளியைப் பெற்ற இருவரில், ஒருவர் வாழும் மாநிலம் காரணமாகத் தெரிவாகவும் மற்றவர் விடுபடவும் கூடும். அளவுகோல் ஒன்றாயினும் அதன் பயன் ஒன்றல்ல என்பதை மாணவர் இங்கே கண்டுகொண்டனர்.

1979ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை எனலாம். பயிற்சி வகுப்புகளை ஆராய்ந்த கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, ஒரு நிறுவனத்தில் மாணவர் ஒவ்வொரு பகுதியிலும் சராசரி 25 புள்ளிகளளவில் முன்னேறியதைக் கண்டது. அதே ஆண்டு நியூயோர்க் மாநிலம் வினாக்களையும் விடைகளையும் பரீட்சார்த்திகளுக்கு வெளிப்படுத்தப் பணிக்கும் சட்டத்தை இயற்றியது. வினாத்தாளை வெளியிடும் வழக்கத்தின் பயன் விரைவில் தெரிந்தது. 1980 ஒக்ரோபரில் நடந்த பி.எஸ்.ஏ.ரி. பரீட்சையில், இரு கூம்பகங்களை ஒட்டவைத்தால் எத்தனை முகங்கள் எஞ்சும் என்றொரு வினா இருந்தது. ஏழு என்பதே சபையின் விடை. புளோரிடா மாணவர் ஒருவர் ஐந்து என விடையளித்து, சில முகங்கள் ஒரே தளத்தில் இணைந்துவிடும் என்பதை நிறுவினார். சபை தவற்றை ஏற்று ஏறத்தாழ 240,000 மாணவரின் புள்ளிகளை உயர்த்தியது.

தவறான வினாவொன்றைத் திருத்துவது எளிது. புள்ளியைப் பயன்படுத்தும் முறையிலுள்ள தவற்றைத் திருத்துவது அரிது. நியூயோர்க் மாநிலம் தன் புலமைப்பரிசில்களைப் பரீட்சைப் பெறுபேற்றை மட்டுமே கொண்டு வழங்கிவந்தது. 1987இல் போட்டியிட்டோரில் ஆண்கள் 47 வீதத்தினரே. ஆயினும் எம்பயர் ஸ்ரேற் பரிசில்களில் 72 வீதமும் றீஜன்ற்ஸ் பரிசில்களில் 57 வீதமும் அவர்களுக்கே கிட்டின. பாடசாலைப் பெறுபேறுகளிலோ பெண்கள் பின்தங்கியிருக்கவில்லை. 1989இல் கூட்டாட்சி நீதிமன்றம் பரீட்சைப் புள்ளியை மட்டும் அடிப்படையாகக் கொள்வது பெண்களுக்குப் பாரபட்சமானது எனத் தீர்ப்பளித்தது. கல்லூரியில் மாணவர் எவ்வாறு பயில்வர் என்பதை முன்னுரைக்க ஆக்கப்பட்ட கருவியைக் கடந்தகாலச் சாதனைக்கான பரிசைப் பங்கிடப் பயன்படுத்தியமையே அங்கு நேர்ந்த பிழை.

அதன்பின் பரீட்சை தன் பழைய உரிமைக்கோரலைப் படிப்படியாகக் கைவிட்டது. ‘உளச்சார்பு’ எனும் சொல் 1990களில் அதன் பெயரிலிருந்து நீங்கியது. பின்னர் மூன்றெழுத்தும் எதனையும் குறியாத வெறும் பெயராயின. 2015இல் பரீட்சைச் சபை கான் அக்கடமியுடன் இணைந்து இலவசப் பயிற்சியை வழங்கத் தொடங்கியது. எனினும் குடும்ப வருமானம் உயர உயரச் சராசரிப் புள்ளியும் உயர்ந்தே வந்துள்ளது. 2020இன் பெருந்தொற்றுக்காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் பரீட்சையைக் கட்டாயமற்றதாக்கின. அவற்றுட் சில பின்னர் அதனை மீட்டன. 2022இல் மீட்ட மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம், உயர்நிலைப் பாடங்கள் கற்பிக்கப்படாத பாடசாலைகளிலுள்ள திறமைசாலிகளை இனங்காணவும் புள்ளிகள் உதவுகின்றன எனக் காரணங் கூறியது. கொனன்ற் 1930களில் நாடியதும் இதுவே.

ஆகவே பரீட்சையை முற்றாகப் பழிப்பதும் முற்றாகப் போற்றுவதும் வரலாற்றுக்கு ஒவ்வா. 1935இல் அது சிற்றூர் மாணவனுக்கு வாயிலைத் திறந்தது. அவ்வாயிலுக்குச் செல்லும் வழி அறியப்பட்டதும், வழிகாட்டியை அமர்த்த வல்லோர் முன்னே சென்றனர். புள்ளி என்பது மாணவனின் ஆற்றலையும் அவனுக்குக் கிடைத்த ஆயத்தத்தையும் சேர்த்தே காட்டும் எண். அவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுப்பு பரீட்சையுடையதன்று, புலமைப்பரிசிலை வழங்குவோருடையதாகும்.