பிள்ளைகளுக்கும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் வருமா?

கழுத்தில் ஒரு கட்டி. தொட்டால் வலிக்கவில்லை. "சளி பிடிச்சிருக்கு, அதான் நெறி கட்டியிருக்கு," என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் அதுதான் உண்மை.

ஆனால் சில வாரங்களாகியும் கட்டி கரையவில்லை என்றால்?

சிறுவர்களையும் பதின்ம வயதினரையும் மிக அரிதாகத் தாக்கும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் பல நேரம் இப்படித்தான் தலைகாட்டும்.

எங்கே உருவாகிறது?

மூக்கின் பின்பகுதி தொண்டையைத் தொடும் இடத்தில். வாயைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. அதனால் பலருக்கு நோய் கழுத்துக்குப் பரவிய பிறகே தெரியவருகிறது.

ஏன் வருகிறது?

எப்ஸ்டைன்-பார் கிருமிக்கு இதில் பங்குண்டு. ஆனால் அந்தக் கிருமி உலகில் பெரும்பாலோரின் உடலில் இருக்கிறது. எல்லாருக்கும் புற்றுநோய் வருவதில்லை. மரபணுவும் ஒரு காரணம்.

தென்சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் பெரியவர்களிடையே இந்நோய் அதிகம். இந்தியர்களிடையே குறைவு. அதற்காக "நமக்கெல்லாம் வராது" என்று இருந்துவிட முடியாது.

எதைக் கவனிக்கவேண்டும்?

- கரையாத கழுத்துக் கட்டி
- தொடரும் மூக்கடைப்பு, மூக்கில் ரத்தம்
- ஒரு காது அடைப்பு, காது மந்தமாவது
- இரட்டையாகத் தெரியும் பார்வை

சிகிச்சை என்ன?

கட்டி மண்டையோட்டின் அடிப்பகுதியை ஒட்டி இருப்பதால் அறுவைச் சிகிச்சை பொதுவாக முதல் தெரிவு அல்ல. வழக்கமாக முதலில் கீமோதெரப்பி. பிறகு அதனுடன் சேர்த்துக் கதிரியக்கச் சிகிச்சை.

பிழைக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவின் சிறுவர் புற்றுநோய் ஆய்வுக் குழு 111 இளம் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், 5 ஆண்டு உயிர்பிழைப்பு விகிதம் சுமார் 89 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் முற்றிய நிலையில் இருந்தது. கீமோதெரப்பிக்கு நன்கு குணம் தெரிந்தவர்களுக்குக் கதிரியக்க அளவும் குறைக்கப்பட்டது.

அளவைக் குறைப்பது ஏன் முக்கியம்?

நோய் போனாலும் சிகிச்சையின் தடம் தங்கிவிடலாம். சிஸ்பிளாட்டின் மருந்து செவித்திறனைப் பாதிக்கலாம். கதிரியக்கத்தால் வாய் வறண்டு பல் சொத்தையாகலாம். தைராய்டு சுரப்பி மந்தமாகலாம். 12 வயதில் குணமாகும் பிள்ளை இவற்றோடு பல்லாண்டு வாழவேண்டும். சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2023 முதல் வழங்கப்படும் புரோட்டான் சிகிச்சை போன்றவை, சுற்றியுள்ள உறுப்புகளில் படும் கதிரியக்கத்தைக் குறைக்க உதவுகின்றன.

நீங்கள் என்ன செய்யலாம்?

தம்பி, தங்கையின் கழுத்தில் கட்டி இருந்தால் பதறவேண்டாம். மருந்து சாப்பிட்டும் சில வாரங்களில் கரையவில்லையா? மீண்டும் மருத்துவரிடம் போங்கள். "காது மூக்குத் தொண்டை நிபுணரைப் பார்க்கணுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.