சர்ப்பகந்தி

இமயத்தின் அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரல்களிலும் இலங்கையிலும் நிழலை நாடி வளரும், அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. இதன் கசப்பான வேரிலுள்ள ஆல்கலாய்டுகள் நரம்பு மண்டலத்தைச் சாந்தப்படுத்தி, இரத்த அழுத்தத்தையும் தணிக்கின்றன.

சரக சம்ஹிதையில் இப்பெயர் காணப்படினும், அது இச்செடியையே குறித்ததா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. நாகத்தோடு பொருதப் புகும் கீரி முன்னதாக இதைத் தின்று கொள்ளும் என்றொரு நம்பிக்கை நெடுங்காலம் வழங்கிற்று. 1703-இல் தாவரவியலாளர் பிளூமியர் இச்செடியின் பேரினத்துக்கு ரவூல்ஃபியா என்று பெயரிட்டது, ஆக்ஸ்பர்க் நகர வைத்தியர் லியோன்ஹார்ட் ரவூல்ஃபின் நினைவாகவே. அலெப்போ நகரத்தார் காப்பி பருகும் விதத்தை ஆவலோடு எழுதி வைத்த அந்த யாத்திரிகரோ இந்தியாவில் கால் வைத்தவரே அல்லர்.

நவீன சரித்திரம் 1931-இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும், சித்தப்பிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் இவ்வேர் ஏற்ற ஔஷதம் என்று பிரகடனம் செய்தனர். அதே ஆண்டில் டில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசேன் சித்திக்கியும் வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்து, ஆராய்ச்சிக்கு வித்திட்டு 1927-இல் மறைந்த ஹக்கீம் அஜ்மல்கானின் பெயரை ஒன்றுக்கு அஜ்மலின் எனச் சூட்டினர். நன்றி மறவாத ரசாயனம் என்று இதைச் சொல்லலாம். ஆயினும், உறக்கம் தரும் பிரதான வஸ்து அவர்கள் கைக்கு அகப்படவில்லை. பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளுக்கு வேரைக் கொடுத்துக் கண்ட பலனை 1949-இல் பிரிட்டிஷ் இருதய சஞ்சிகையில் வெளியிட்ட பிறகே மேனாடுகள் விழித்துக்கொண்டன. 1952-இல் பாசல் நகரின் சீபா நிறுவனத்தில் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவர் அந்தப் பிரதான வஸ்துவான ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். 1954-இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதனை மனநோயாளிகளுக்கு அளித்துப் பலன் கண்டார். 1957-இல் லாஸ்கர் பரிசு பெற்றவர்களுள் வக்கீலும் கிளைனும் இருந்தனர்.

ரெசர்பின், நரம்பு நுனிகளிலுள்ள நுண்பைகளில் நாரட்ரினலின், டோபமின், செரடோனின் ஆகிய, நரம்புகளிடையே செய்தி கடத்தும் பொருள்கள் சேமிக்கப்படுவதைத் தடுப்பதால், அவை சிதைந்து கையிருப்பு வறண்டு போகிறது. சாந்தம் மெல்ல வந்து நெடுநேரம் நிலைப்பது இதனாலேயே. இம்மருந்தால் அசைவற்றுப் போன முயல்களை, டோபமினின் மூலப்பொருளான எல்-டோபா மீண்டும் இயங்கச் செய்ததை 1957-இல் விஞ்ஞானி கார்ல்சன் காட்டியது, பார்க்கின்சன் நோய்ச் சிகிச்சைக்கு வழி திறந்தது. ரெசர்பின் மனச்சோர்வை விளைவிப்பதாக எழுந்த குற்றச்சாட்டைச் சிலர் ஏற்பர். அளவு மிகுந்ததன் விளைவே அது என்பாரும் உளர்.

புதிய மருந்துகள் வந்தபின் ரெசர்பினின் உபயோகம் அருகிற்று. வேருக்காகச் செடியையே பிடுங்கியதால் காடுகளில் இது குறைந்துபோகவே, 1990 முதல் இதன் சர்வதேச வியாபாரம் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்கிறது.