பெரம்பூரில் பிறந்த பெட்டி

பொன்முடியில் இருப்புப்பாதை இல்லை. சொந்த ஊருக்குப் புறப்படும் நாம், 22 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்கி, கல்லாறு, விதுரா, நெடுமங்காடு கடந்து, திருவனந்தபுரத்துத் தம்பானூரை அடைந்த பின்னரே இரயிலைக் காண்கிறோம். அங்ஙனமிருக்க, மலைமேல் வாழும் நாம் ஆண்டு மலரில் இரயில் பெட்டியைப் பற்றி எழுத முற்படுவது ஏன் என அன்பர்கள் வினவலாம். திருமணமாயினும் திருவிழாவாயினும் இழவாயினும் நம்மை உற்றார் முன் கொண்டு நிறுத்துவது அப்பெட்டியே. அதன் வரலாறோ பெரும்பாலும் தமிழ் மண்ணில் நிகழ்ந்தது.

கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த மீட்டர் பாதை 1904-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அது 1918-இல் திருவனந்தபுரம் வரையிலும், 1931-இல் தம்பானூர் வரையிலும் நீண்டது. அக்காலத்தில் நம் பாட்டன்மார் ஏறிய பெட்டிகள் மரத்தாலானவை. இரும்புச் சட்டத்தின்மேல் மரக்கூடு ஒன்றை ஏற்றி வைத்தாற்போன்ற அமைப்பு அது. வண்டிகள் மோதிக்கொண்டால் ஒரு பெட்டியின் சட்டம் அடுத்த பெட்டியின் கூட்டைப் பிளந்து உள்ளே பாயும். தீப்பற்றினாலோ சொல்லவே வேண்டுவதில்லை. மூன்றாம் வகுப்பின் நெரிசலையும் அழுக்கையும் காந்தியடிகள் 1917-இலேயே எழுதிக் கண்டித்தார். எனினும் நிலைமை விரைந்து மாறிற்றில்லை.

விடுதலைக்குப் பின், 1949-இல், இந்திய அரசு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரை அடுத்த ஷ்லீரன் என்னும் ஊரிலிருந்த நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பயனாகச் சென்னைப் பெரம்பூரில் எழுந்ததே இரயில் பெட்டித் தொழிற்சாலை. 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பண்டித நேரு அதனைத் திறந்து வைத்தார். அப்போது இரயில்வே அமைச்சராக விளங்கியவர் லால் பகதூர் சாஸ்திரி.

புதிய பெட்டியின் நுட்பத்தைச் சிறிது விளக்குவோம். தரை, பக்கச்சுவர், கூரை ஆகிய மூன்றும் எஃகுத் தகடுகளால் ஆகி, ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, ஒரே குழாய்போல் அமைந்தன. பாரத்தைக் கீழ்ச்சட்டம் மட்டும் சுமக்கவில்லை. பெட்டி முழுவதும் பகிர்ந்து சுமந்தது. ஆகவே எடை குறைந்தது, உறுதி மிகுந்தது. மோதலின் அதிர்ச்சியை இரு முனைகளும் நசுங்கி வாங்கிக்கொள்ளும். நடுவில் அமர்ந்த மக்கள் பிழைப்பதற்கு வழி உண்டு. மூங்கில் தண்டு மெலிதாயிருந்தும் வளையாது நிற்பதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும்.

நாம் பெரிதும் போற்றுவது மற்றொன்று. பெரம்பூரில் முதன்முதல் உருவானவை மூன்றாம் வகுப்புப் பெட்டிகளின் கூடுகள். 1962-இல் உள்ளலங்காரப் பகுதி திறக்கப்படும்வரை அக்கூடுகளுக்கு இருக்கையும் விளக்கும் பிற பட்டறைகளில் பொருத்தப்பட்டன. புதுமை முதலில் ஏழையின் பெட்டிக்கே வந்தது! செல்வர் ஏறும் வகுப்பிலிருந்து தொடங்கியிருந்தால் யார் தடுத்திருப்பார்?

ஆனால் அகலப் பாதைக்கென உருவான அப்பெட்டி திருவனந்தபுரத்துக்கு வந்து சேரப் பல்லாண்டுகளாயின. இங்கு இருந்தது மீட்டர் பாதை. பெட்டி இருந்தும் ஓடத் தடம் இல்லை. எர்ணாகுளத்திலிருந்து அகலப் பாதை தம்பானூரை எட்டியது 1976-இல். கன்னியாகுமரிக்குப் பாதை இணைந்தது 1979-இல். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு 1981-இல். மூன்றாம் வகுப்பு என்னும் பெயரே 1974-இல் மறைந்தது. 1977-இல் அமைச்சரான மது தண்டவதே காலத்தில்தான் இரண்டாம் வகுப்பின் மரப்பலகைப் படுக்கைகளுக்கு மெத்தை கிடைத்தது. முதுகு வலிக்க ஊர் சென்று மீண்ட மூத்தோர்க்கு அதன் அருமை தெரியும்.

எஃகுப் பெட்டி எல்லா இடரையும் வென்றுவிட்டதெனச் சொல்ல மாட்டோம். 1988-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், கொல்லத்தை அடுத்த பெருமண் பாலத்திலிருந்து ஐலண்டு எக்ஸ்பிரஸின் பெட்டிகள் அஷ்டமுடிக் காயலில் வீழ்ந்தன. 105 உயிர்கள் மாண்டன. சுழற்காற்றே காரணம் என்றது விசாரணை. மக்கள் அதனை ஏற்றாரில்லை. அவ்வழியே வண்டி செல்லும்போது நம்மவர் இன்றும் பேச்சை நிறுத்திக்கொள்வர்.

ஷ்லீரன் அமைப்புக்கும் குறைகள் உண்டு. திருகு இணைப்பும் பக்கத் தாங்கிகளும் குலுக்கல் தந்தன. விபத்தில் பெட்டிமேல் பெட்டி ஏறவும் இடமளித்தன. ஜெர்மனியின் லிங்கே ஹோப்மன் புஷ் நிறுவனத்தின் அமைப்பில் நடு இணைப்பு அதனைத் தடுக்கிறது. ஆகவே பெரம்பூர் 2018 ஜனவரியில் தன் பழைய வகையின் கடைசிப் பெட்டியை அனுப்பி விடைகொடுத்தது.

அதே ஆண்டில் அங்கே புதியதொரு வண்டி பிறந்தது. தலைமை மேலாளர் சுதான்சு மணியின் காலத்தில், ஏறத்தாழ 18 திங்களில் முடிந்த அதற்கு 'டிரெயின் 18' என்பதே முதற் பெயர். தனி எஞ்சின் இல்லை. இழுக்கும் ஆற்றல் பெட்டிகளுக்கு அடியிலேயே பகிர்ந்து வைக்கப்பட்டது. புதிய வகையைப் பயணிகளின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்ப்பதும், பாதுகாப்பு ஆணையரின் இசைவைப் பெறுவதும் இத்துறையின் வழக்கம். சோதனையில் மணிக்கு 180 கிலோமீட்டரை எட்டிய அவ்வண்டி, 'வந்தே பாரத்' என்னும் பெயருடன் 2019 பிப்ரவரி 15 அன்று புதுதில்லியிலிருந்து வாரணாசிக்குப் புறப்பட்டது. தம்பானூரிலிருந்து காசர்கோட்டுக்கு 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. வளைவு மிகுந்த நம் பாதையில் அதன் முழு வேகத்துக்கு இடமில்லை; தொடங்கிய காலத்தில் அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 8 மணி நேரம் கொண்டது.

அவ்வண்டி முழுவதும் குளிர்வசதி உடையது. தோட்டத்தில் நாட்கூலிக்குக் கொழுந்து கிள்ளுவோர்க்கு அக்கட்டணம் எளிதன்று. 1955-இல் இருந்த வரிசை இம்முறை மாறிவிட்டதே என நாம் வருந்தியது உண்மை. 2023 டிசம்பர் இறுதியில் பெரம்பூர் அமைத்த 'அம்ருத் பாரத்' வண்டிகள் ஓடத் தொடங்கியபோது அவ்வருத்தம் ஓரளவு தணிந்தது. குளிர்வசதி இல்லை, இரு முனையிலும் எஞ்சின், முதல் வண்டிகளின் 22 பெட்டிகளில் 12 படுக்கைப் பெட்டிகள், 8 பெட்டிகள் முன்பதிவின்றி ஏறுவோர்க்கு. தம்பானூர் நடைமேடையில் தேயிலைப் பொட்டலமும் துணிமூட்டையுமாக நிற்கும் நம்மவர் தேடுவது அந்த எட்டில் ஒன்றையே.